மூன்றாவது பெயர்

பிப்ரவரி 2

அன்புள்ள நெட்டை மச்சானுக்கு,

பஞ்சு எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ என்னவோ என்று பதறியிருப்பாய். ஒன்றுமில்லை. உன் தங்கை நலம், மகள் நலம். நானும் எழுந்து நடமாடும் அளவுக்கு நலம்தான். நீ இந்த ஊரை விட்டுப் போன பதினோரு வருஷத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. உன் பிறந்தநாளுக்கு உன் தங்கை போன் செய்யும்போது பக்கத்தில் நின்று “நானும் விசாரிச்சேன்னு சொல்லு” என்பேன். என் பாசம் அத்தோடு சரி. நீயும் அதைக் கவனித்திருப்பாய். கவனித்தும் ஒன்றும் சொன்னதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சிகரெட்டை விடப் போகிறேன்.

சிரித்து முடித்துவிட்டாயா? மேலே படி. போன மாதம் பட்டறையில் எல்லோரையும் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு குழாயைக் கொடுத்து மூச்சை இழுத்து ஊதச் சொன்னார்கள். ஊதினேன். என் நுரையீரலுக்கு எழுபத்தோரு வயது என்று வந்தது. எனக்கு நாற்பத்தாறு. என் அப்பாவே அறுபத்தெட்டில் போய்ச் சேர்ந்தார். அப்பாவைவிட வயதான ஒன்றை நெஞ்சுக்குள் சுமந்துகொண்டுதான் தினமும் மூன்றாம் மாடிப் பட்டறைக்கு ஏறி இறங்குகிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அங்கே ஒரு நர்ஸ். இருபத்தெட்டு வயது இருந்தால் அதிகம். நான் ரோஷத்தோடு பாக்கெட்டை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடப் போனேன். தடுத்துவிட்டார். இன்றைக்கு எறிந்தால் நாளைக்கு வாங்குவீர்கள், அதனால் முதலில் ஒரு தேதி குறியுங்கள், அதுவரை தயாராகுங்கள் என்றார். மார்ச் இருபது என்று குறித்திருக்கிறோம். அன்றைக்குப் பட்டறை விடுமுறை. அப்புறம் ஒரு தாளைக் கொடுத்து, “மூணு பேர் எழுதுங்க. அவங்ககிட்ட இந்தத் தேதியைச் சொல்லிடணும். ரெண்டு பேர் கூடவே இருக்கிறவங்க. மூணாவது ஆள், நீங்க ஏமாத்த முடியாத ஆளா இருக்கணும்” என்றார்.

முதல் பெயர் உன் தங்கை. இரண்டாவது, பட்டறையில் நம் ஊசி அக்கா. மூன்றாவது இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால் முதல் சிகரெட்டைப் பாதிப் பாதியாகக் குடித்துவிட்டு, இருமி இருமி ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டவர்கள் நாம். உன் பெயரைத்தான் எழுதினேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் பேச ஆரம்பித்தால் பாதியை என் இருமல்தான் பேசும்.

பதில் போடுவாயா?

இப்படிக்கு,
உன் தங்கையின் புருஷன்,
பஞ்சு


பிப்ரவரி 14

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை வேலைக்கு நடுவில் பிரித்தேன். நீ சொன்னது போலவே முதலில் பதறினேன், பிறகு சிரித்தேன். என் பெயரை ஒரு நர்ஸ் தாளில் எழுதி வைத்திருக்கிறாய் என்பதே ஒரு மாதிரி இருந்தது, நல்ல மாதிரிதான்.

இங்கே எனக்கு அதே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம். ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்புகள் சூடான ரோலரில் போய் வருகின்றன. நான் ஒரு பக்கம் பிடிப்பேன், எதிரே ஒரு பெண் பிடிப்பார், நான்காக மடித்து அடுக்குவோம். அந்தக் காலத்தில் பட்டறையில் மெத்தை தைத்தோம், இப்போது அதன் மேல் போடும் விரிப்பைத் தேய்க்கிறேன். மனுஷன் படுக்கிற இடத்தை விட்டு என் பிழைப்பு நகர மாட்டேன் என்கிறது.

நீ சிகரெட்டை விடப் போவதை எதிரே நிற்கும் அந்தப் பெண்ணிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன். மறுநாள் சலவைக்கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. சுவரில் ஷிஃப்ட் எழுதும் பலகை ஒன்று உண்டு. அதன் மூலையில் யாரோ ‘மாப்பிள்ளை – மார்ச் 20’ என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறார்கள். முகம் தெரியாத பதினான்கு பேர் உனக்காக நாள் எண்ணுகிறார்கள். ஆளுக்கொரு யோசனை வேறு. கிராம்பு மெல்லச் சொல்கிறார்கள். காரட்டை நீளநீளமாக நறுக்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். விரலுக்கு வேலை வேண்டும் என்று ஒருவர் பின்னல் ஊசி எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். எனக்கு உன்னைத் தெரியும். நீ பின்னினால் அது ஸ்வெட்டராக வராது, வலையாகத்தான் வரும்.

நான் சொல்வது ஒன்றே ஒன்று. முதல் மூன்று நாள் உன் வாய்க்குப் பக்கத்தில் யாரும் வராமல் பார்த்துக்கொள். நான் அந்த மூன்று நாளில் நல்ல மனுஷர்களையெல்லாம் கடித்துவைத்தேன்.

தங்கச்சி எப்படி இருக்கிறாள்? போனில் இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுகிறாள். குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொல்கிறேன். மருமகளுக்குப் பத்து வயது முடிந்துவிட்டது, போட்டோவில் தவிர இன்னும் அவளைப் பார்க்கவில்லை. என்னை மாதிரி உயரமா, உன்னை மாதிரி குட்டையா என்றாவது எழுது.

அன்புடன்,
நெட்டை


பிப்ரவரி 23

அன்புள்ள மச்சானுக்கு,

உயரம்தான். வகுப்பில் கடைசி பெஞ்சு. நான் செய்த புண்ணியம்.

உன் பதினான்கு பேருக்கும் என் வணக்கத்தைச் சொல். கிராம்பு வாங்கியாகிவிட்டது. உன் தங்கை அதை ஒரு சின்ன டப்பியில் போட்டு என் சட்டைப் பையில் வைக்கிறாள், சிகரெட் பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே. இரண்டும் இப்போது ஒரே பையில் குடித்தனம் நடத்துகின்றன.

தயாராவது என்றால் என்னவென்று இப்போதுதான் புரிகிறது. ஒவ்வொரு சிகரெட்டையும் பற்றவைக்கும் முன்னால் எழுத வேண்டும். எத்தனை மணி, எந்த இடம், எதற்காக. முதல் நாள் எண்ணினால் பத்தொன்பது. அதில் ஆறுதான் உண்மையில் ஆசைப்பட்டுக் குடித்தது. மற்றதெல்லாம் பஸ் வரவில்லை என்று, பஸ் வந்துவிட்டது என்று, டீ குடித்தாயிற்று என்று, யாரோ நீட்டினார்கள் என்று. எழுதிப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. இப்போது பதினொன்றுக்கு இறங்கியிருக்கிறேன்.

இதில் பாதிப் புகழ் ஊசி அக்காவுக்கு. அவர் என் லைட்டரைப் பிடுங்கித் தையல் மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். வேண்டுமென்றால் போய்க் கேட்க வேண்டும். கேட்டால், “எதுக்கு?” என்பார். சிகரெட்டுக்கு என்பேன். “சரி, சிகரெட்டு எதுக்கு?” என்பார். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் டீ இடைவேளை முடிந்துவிடும். நாற்பது பேர் வேலை செய்யும் இடத்தில் மிஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் என் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள்.

உன் மருமகளிடம் நான் சொல்லவில்லை, அவளே தாளைப் பார்த்துவிட்டாள். போன வருஷமும் இதையேதான் சொன்னீர்கள் என்றாள். உண்மைதான். ஆனால் போன வருஷம் தாள் கிடையாது என்றேன். யோசித்துப் பார்த்து, “சரி, தாளுக்காக நம்புறேன்” என்றாள்.

எல்லாம் சரியாக எழுதுகிறேன், ஒன்றைத் தவிர. சாயங்காலம் நான்கு மணி சிகரெட். அதற்கு எதிரே ‘எதற்காக’ என்ற கட்டம் இரண்டு வாரமாகக் காலியாக இருக்கிறது. நர்ஸ் விரலை வைத்துக் கேட்டார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நீ என்னைவிட அதிகமாகக் குடித்தவன். எப்போது விட்டாய்? எதனால்? நீ விட்டதே உன் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த வழியை எனக்கும் சொல்லிக்கொடு.

இப்படிக்கு,
பதினொன்றில் நிற்கும்
பஞ்சு


மார்ச் 3

அன்பு மாப்பிள்ளைக்கு,

பதினொன்று என்று பலகையில் எழுதிவிட்டார்கள். கைதட்டினார்கள். எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார்கள், உன் சார்பில் தின்றேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத மூன்று தாளைக் கிழித்தேன். என் வழி யாருக்கும் சொல்லிக்கொடுக்கிற வழி இல்லை, மாப்பிள்ளை. ஆனாலும் நீ கேட்டுவிட்டாய். இந்த விஷயத்தை நாம் ஒருமுறைகூடப் பேசியதில்லை. இப்போது பேசினால் என்ன?

பழைய பட்டறைக்குப் பின்னால் பஞ்சுக் கொட்டகை எரிந்த அன்றைக்கு விட்டேன். அன்று சாயங்காலம் தீயணைப்பு வண்டி போன பிறகு, வழக்கம் போல் கை பைக்குள் போனது. பாக்கெட்டைத் தொட்டதும் கையை வெளியே எடுத்துவிட்டேன். அதோடு சரி.

அன்று நான்கு மணிக்கு நான் பின்கதவருகே நின்று இரண்டு குடித்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. இரண்டாவது துண்டை எங்கே போட்டேன் என்பது மட்டும் இன்றுவரை ஞாபகத்துக்கு வரவில்லை. நாம் வைத்திருந்த தண்ணீர் டப்பாவில் போட்டிருப்பேன் என்று ஒரு நாள் தோன்றும். டப்பாவில் போட்டிருந்தால் கொட்டகை எதற்கு எரிகிறது என்று மறுநாள் தோன்றும். முதலாளி கேட்டபோது, நான்தான், அங்கே வேறு யாரும் இல்லை என்றேன். நீயும் அங்கே புகைப்பவன் என்று சொல்லியிருந்தால் உன்னையும் சேர்த்து அனுப்பியிருப்பார். தங்கச்சிக்கு அப்போது எட்டு மாதம். செய்தது நான் என்னும்போது நீ எதற்கு நடுவில்?

ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அது போதும் என்று இருந்துவிட்டேன். முதலாளி அந்தக் கொட்டகையைத் தன் கையாலேயே கட்டினார், தெரியுமா? எனக்குக் கத்தரி பிடிக்கக் கற்றுக்கொடுத்த மனுஷனுக்கு நான் செய்த கைம்மாறு அது. அந்த நினைப்புதான் என்னைச் சிகரெட் பக்கம் போகாமல் பிடித்து வைத்திருக்கிறது.

உனக்கு அப்படிக் கனமான காரணம் எதுவும் வேண்டாம். உனக்கு நர்ஸ் இருக்கிறார், ஊசி அக்கா இருக்கிறார், பதினான்கு பேர் இருக்கிறார்கள். நல்லவிதமாக விடு. மார்ச் இருபது காலையில் நான் உன்னை நினைத்துக்கொள்வேன்.

அன்புடன்,
நெட்டை


மார்ச் 8

மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. இதை எழுதிய பிறகு நீ என்னை என்னவென்று கூப்பிடுவாய் என்று தெரியவில்லை. அதனால் முதலிலேயே மச்சான் என்று எழுதிக்கொள்கிறேன்.

உன் இரண்டாவது சிகரெட்டைத் தண்ணீர் டப்பாவில்தான் போட்டாய். நான் பார்த்தேன். முதலாளி உன்னைத் தேடுகிறார் என்று கூப்பிட நான்தான் பின்கதவுக்கு வந்தேன். நீ துண்டை டப்பாவில் போட்டாய், அது சொய்யென்று அணைந்த சத்தம்கூட எனக்குக் கேட்டது. நீ உள்ளே போனாய்.

நான் அங்கேயே நின்று ஒன்று பற்றவைத்தேன். பாதியில் சரக்கு லாரியின் ஹாரன் கேட்டது. அவசரத்தில் சுண்டிவிட்டேன். சுவரோரம் கழிவுப் பஞ்சு மூட்டை வாய் திறந்து கிடந்தது. துண்டு அதன் வாயருகே விழுந்தது. ஒரு நூல் அளவுக்குப் புகை எழுந்ததைப் பார்த்தேன், மச்சான். அதுவாக அணைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு லாரிக்குப் போனேன். கால் மணி நேரத்தில் கத்தினார்கள்.

நீ முதலாளியிடம் பழியை ஏற்றுக்கொண்டது எனக்காகத்தான், உனக்கு உண்மை தெரியும் என்றே நினைத்திருந்தேன். தங்கைக்காக, வயிற்றுப் பிள்ளைக்காகத் தெரிந்தே சுமக்கிறாய் என்று. தெரிந்து சுமக்கிறவனிடம் போய் எதைச் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. ஒரே ஒரு முறை உன்னிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. நீ போன பிறகு, நீ பார்த்த தலைமைத் துணி வெட்டுக்காரன் வேலை எனக்கு வந்தது. உன் கத்தரியைத்தான் இப்போதும் பிடிக்கிறேன். உனக்குக் கடிதம் எழுதாததற்கும் போனில் வராததற்கும் காரணம் இவ்வளவுதான்.

பதினோரு வருஷமாக நீ செய்யாத ஒன்றை நீ செய்ததாக நம்பிக்கொண்டிருக்கிறாய் என்று உன் கடிதத்தைப் படிக்கும்வரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் சொல்லியிருப்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

நான்கு மணிக் கட்டத்தை நேற்று நிரப்பிவிட்டு நர்ஸிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “இதை எங்கிட்ட சொல்லிப் பிரயோஜனமில்ல” என்று திருப்பிக் கொடுத்தார்.

உன் தங்கையிடம் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். முதலாளியிடமும். மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை.

பஞ்சு


மார்ச் 21

மச்சானுக்கு,

நீ பதில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று கேட்கவும் எனக்கு உரிமையில்லை. நடந்ததை மட்டும் உனக்குத் தெரியப்படுத்துகிறேன்.

உன் தங்கையிடம் சமையலறையில் வைத்துச் சொன்னேன். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். முழுதும் கேட்டாள். கடைசித் தட்டையும் துடைத்து அடுக்கிவிட்டுத்தான் திரும்பினாள். “அண்ணன் ஊரை விட்டுப் போனப்ப, அவமானமா இருக்குன்னு நான் பஸ் ஸ்டாண்டுக்குக்கூட வரல. அது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் பேசாம இருந்தீங்க” என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு இன்றுவரை என்னோடு பேசவில்லை.

முதலாளிக்கு இப்போது எண்பது. பட்டறையை மகன் பார்க்கிறார், இவர் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லோரையும் அதட்டுவதோடு சரி. சொன்னேன். “பதினோரு வருஷமா அந்த நெட்டையனைத் திட்டிக்கிட்டிருக்கேன். இனிமே உன்னைப் புதுசா ஆரம்பிக்கணும். எனக்குத் தெம்பில்லடா” என்றார். பிறகு மகனைக் கூப்பிட்டு, வெட்டு மேஜைப் பொறுப்பை ஊசி அக்காவிடம் கொடுக்கச் சொன்னார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. பழையபடி மெத்தைக்குப் பஞ்சு அடைக்கும் இடத்தில் நிற்கிறேன். தலை முழுக்கப் பஞ்சு. உன் கத்தரியைத் துடைத்து எண்ணெய் போட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன். முதலாளி உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார். அதையும் சொல்லச் சொன்னார்.

நேற்று இருபதாம் தேதி. உண்மையைச் சொன்னால், தேதியைத் தள்ளிப்போடலாமா என்று யோசித்தேன். வீட்டில் பேச்சில்லை, பட்டறையில் பொறுப்பில்லை, உன்னிடமிருந்து தகவல் இல்லை. இந்த நேரத்தில் எதற்கு இதுவும் என்று தோன்றியது. காலையில் எழுந்து வந்தால் மேஜை மேல் கிராம்பு டப்பி இருந்தது, நிரப்பி வைத்திருந்தாள். பக்கத்தில் நீளநீளமாக நறுக்கிய காரட். வீட்டிலிருந்த சாம்பல் கிண்ணம் இரண்டையும் காணோம். உன் தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டே எனக்கு டீ வைத்தாள். கோபம் கோபமாகவே இருந்தது, கொடுத்த வாக்கும் வாக்காகவே இருந்தது. அப்படி ஒருத்தியை வைத்துக்கொண்டு நான் எப்படித் தேதியைத் தள்ளிப்போடுவேன்?

பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து அவர் சுவருக்கு வெள்ளையடித்தேன், கை சும்மா இருக்கக் கூடாது என்று. நான்கு மணிக்கு மகள் என்னைக் கூட்டிக்கொண்டு தெருவை நான்கு சுற்று சுற்றினாள். மூன்றாவது சுற்றில் அவளிடமும் சொன்னேன், அவளுக்குப் புரியும் அளவுக்கு. “அப்ப மாமா ஒண்ணுமே பண்ணலியா?” என்று கேட்டாள். ஒன்றுமே பண்ணவில்லை என்றேன்.

ஒரு நாள் முடிந்தது.

பஞ்சு


ஏப்ரல் 5

மச்சானுக்கு,

பதினாறு நாள். நடுவில் ஒரு தவறு நடந்தது, அதையும் மறைக்கப் போவதில்லை. ஏழாம் நாள் பஸ் நிறுத்தத்தில் ஒருவரிடம் கேட்டு வாங்கி இரண்டு இழுப்பு இழுத்துவிட்டேன். அப்படியே அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். நேரே நர்ஸிடம் போனேன், எல்லாம் போச்சு என்று. “ரெண்டு இழுத்தீங்க, மூணாவது இழுக்கல. அதை எழுதுங்க” என்றார். எழுதினேன்.

உன் தங்கை பேசுகிறாள். முதலில் மகள் வழியாகப் பேசினாள், இப்போது நேராகவே. மளிகைச் சாமான், தண்ணீர் வரும் நேரம் என்று தேவைக்கு மட்டும். நேற்று மாடிப்படி ஏறி வந்து, “மூச்சு வாங்கல போல” என்றாள். இல்லை என்றேன். அது தேவைக்கு மேற்பட்ட பேச்சு, மச்சான். நான் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

உன் பதினான்கு பேரிடமும் நான் விட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்ல முடிந்தால் சொல். முடியாவிட்டால் பரவாயில்லை.

பஞ்சு


ஏப்ரல் 17

மாப்பிள்ளைக்கு,

உன் மூன்று கடிதமும் வந்தன. முதலாவதைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. உன்னை அடிக்க வேண்டும் என்று இருந்தது. இதை நாகரிகமாக எழுதத் தெரியவில்லை. உன் வீட்டுக்கு வந்து, உன் சட்டையைப் பிடித்து, உன் மகள் முன்னாலேயே அறைய வேண்டும் என்று ஊர் பஸ் நேரம்கூட விசாரித்தேன். அதன் பிறகுதான் எழுதாமல் இருப்பது நல்லது என்று இருந்தேன்.

நான் பதினோரு வருஷமாக வேலை முடிந்து கிளம்பிய பிறகு இரண்டு முறை திரும்பிப் போய் ரோலர் சுவிட்சைப் பார்க்கிறவன். என்னால் எங்கேயும் தீப்பிடிக்கும் என்று எனக்குள் ஒருவன் சொல்லிக்கொண்டே இருப்பான். இரண்டு இடத்தில் பெண் பார்க்கச் சொன்னார்கள், என்னை நம்பி ஒருத்தி வர வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். உன் கடிதம் வந்த பிறகும் திரும்பிப் போய்ப் பார்க்கத்தான் செய்கிறேன். பழகிவிட்டது. ஆனால் நேற்று போகிற வழியிலேயே நின்று, நான் எதற்குப் போகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். உன் ஊசி அக்கா மாதிரி. திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒன்று மட்டும் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. நான் செய்யாத தப்புக்காகச் சிகரெட்டை விட்டேன். உன்னைத் திட்ட ஆரம்பித்தால் நடுவில் இது வந்து நிற்கிறது. என் நுரையீரல் நாற்பத்தாறு வயதில் இருப்பதற்கு உனக்கு நன்றி சொல்வதா, உதைப்பதா? இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அவசரமில்லை.

இருபதாம் தேதி இங்கே பதினான்கு பேரும் காலையிலிருந்து என்னைத் துளைத்து எடுத்தார்கள். மாப்பிள்ளை விட்டாரா, விட்டாரா என்று. நான் வாயே திறக்கவில்லை. உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, எதிரே நிற்கும் பெண் எனக்கு ஆறுதல் சொன்னார். உன் இரண்டாவது கடிதம் வந்த மறுநாள் நானே பலகையில் ‘ஒரு நாள்’ என்று எழுதினேன். எழுதிவிட்டு எனக்கே கோபம் வந்தது. ஆனாலும் அழிக்கவில்லை. இன்றைக்கு அங்கே இருபத்தெட்டு என்று இருக்கிறது. இரண்டு இழுப்புக்காக யாரும் கழிக்கவில்லை.

தங்கச்சி போன வாரம் போன் செய்தாள். ஒரு மணி நேரம் பேசினாள். முதல் அரை மணி நேரம் அழுகை. உன்னை விட்டுக்கொடுத்தும் பேசவில்லை, தாங்கியும் பேசவில்லை. நடுவில் மருமகள் போனைப் பிடுங்கி, “மாமா, நீங்க எப்ப வர்றீங்க? நான் பஸ் ஸ்டாண்டுக்கு வரட்டுமா?” என்றாள். அதற்கு மேல் என்னால் வீம்பு பிடிக்க முடியவில்லை.

அடுத்த மாதம் ஆறாம் தேதி மத்தியான பஸ்ஸில் வருகிறேன். நான்கு நாள் லீவு. உனக்காக வரவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முதலாளியையும் பார்க்க வேண்டும். அந்தக் கொட்டகையை நினைத்து அவர் முன்னால் எத்தனையோ முறை மனசுக்குள் தலைகுனிந்திருக்கிறேன். ஒரு முறையாவது நிமிர்ந்து பார்த்துப் பேச வேண்டும். உன்னிடம் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது. நல்லபடியாகப் பேசுவேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

உன்னிடம் சின்ன வயசிலிருந்து ஒரு பழக்கம் உண்டு. பேச்சு இடக்காகப் போனால் சிகரெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாய். முதலாளி என்னைக் கேள்வி கேட்ட அன்றும் நீ வெளியேதான் நின்றாய், ஜன்னல் வழியாக உன் முதுகு தெரிந்தது. இப்போது உன் பையில் கிராம்புதான் இருக்கிறது. ஆறாம் தேதி நான் என்ன சொன்னாலும், ஒன்றுமே சொல்லாமல் இருந்தாலும், எழுந்து வெளியே போய்விடாதே. உட்கார்ந்திரு. நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

நெட்டை மச்சான்